கீழ்ப் பிரிவில் தள்ளாடும் கிளப்பை யாரிடம் ஒப்படைப்பது?

அணி இரண்டு சீசனாக இறங்குமுகம். சம்பளம் தாமதம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி. வரி அலுவலகம் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பான ரசிகர் டிரஸ்ட்டிலிருந்து கடிதம் வருகிறது: நாமே வாங்கலாமா, வெளியாள் ஒருவர் கேட்கிறார் அவருக்கு விடலாமா, வாக்களியுங்கள். இங்கிலாந்தில் சின்ன ஊர் ஃபுட்பால் கிளப்களைப் பின்தொடரும் நம் வாசகர்கள் சிலர் இந்த இக்கட்டைச் சொல்லி யோசனை கேட்டிருக்கிறார்கள்.

ரசிகர்களிடம் கேட்டால் மூன்று விதமான பதில் கிடைக்கும். ‘ரெக்ஸமைப் பார், எங்கே போயிட்டான்’ என்பார் ஒருவர். ‘விம்பிள்டன் பசங்க பூஜ்யத்திலிருந்து ஆரம்பிச்சாங்க’ என்பார் இன்னொருவர். கொஞ்சம் வயதானவர் ‘எக்ஸெட்டர்காரன் சத்தமில்லாம இருக்கான், கடனும் இல்ல’ என்பார். ரெக்ஸமை வெளியார் வாங்கினார்கள், விம்பிள்டனில் ரசிகர்களே புதுக் கிளப் தொடங்கினார்கள், எக்ஸெட்டரை ரசிகர் டிரஸ்ட் எடுத்துக்கொண்டது. மூன்று பேர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் அந்த மூன்று ஊரிலும் முடிவெடுத்த அன்று நிலைமை வேறுவேறாக இருந்தது. அதை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் காட்டுவதால்தான் குழப்பம் வருகிறது.

## எதை வைத்து அளப்பது

மைதானம் யார் பெயரில்? என் கணக்கில் மற்ற எல்லாக் கேள்வியையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. கிளப் ஒரு கம்பெனி, மைதானம் இன்னொரு கம்பெனி என்று பத்திரம் பிரிந்துவிட்டால், கோயில் ஒருத்தர் கையிலும் கோயில் நிலம் இன்னொருத்தர் கையிலும் இருக்கிற கதைதான். கொஞ்ச நாளில் விளக்குக்கு எண்ணெய் வாங்கவே கையேந்த வேண்டிவரும். பழைய விம்பிள்டன் கிளப் 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து, பல அடுக்கு அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது. மூன்று வருடத்தில் தன் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு, இன்னொரு கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் ஒண்டுக் குடித்தனம் போனது. 1998இல் பழைய மைதானம் ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. சொந்த இடம் இல்லாத கிளப் என்பதால்தான் 2002இல் அதைச் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி வாங்க முடிந்தது.

கடன் யாருக்கு? வரிப் பாக்கி, வீரர்களின் சம்பளப் பாக்கி, உரிமையாளரே கிளப்புக்குக் கொடுத்த கடன் ஆகிய மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். கடன் கட்ட முடியாத கிளப்பின் நிர்வாகம் வெளி அதிகாரி கைக்குப் போவதுதான் அட்மினிஸ்ட்ரேஷன். அப்படிப் போனால், இரண்டாம் அடுக்கிலிருந்து நாலாம் அடுக்கு வரை நடத்தும் லீக் 12 புள்ளியைக் கழிக்கும். வீரர்களுக்கும் மற்ற கிளப்களுக்கும் தர வேண்டியதை முழுதாகத் தீர்த்தால்தான் லீக்கில் இடம். ஊர் அச்சகக்காரருக்கும் முதலுதவித் தொண்டர்களுக்கும் பவுண்டுக்குச் சில பென்ஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வருடாவருடம் துண்டு எவ்வளவு விழும்? வாங்குகிற விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. மான்செஸ்டர் அருகே உள்ள பெரி (Bury) என்ற ஊரின் கிளப் 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. உண்மையான விலை அதற்கு அடுத்த மாதச் சம்பள நாளன்று தெரியும்.

ஏணியில் எத்தனை படி இழக்கிறோம்? நாலாம் அடுக்கான லீக் டூவுக்கும் அதற்குக் கீழே ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்குக்கும் நடுவில் ஒவ்வொரு வருடமும் இரண்டு அணிதான் ஏறும். அதிலும் நேரடியாக ஏறுவது ஒன்று. மற்றது, அடுத்த இடங்களைப் பிடித்த அணிகள் மோதும் பிளேஆஃப் வழி. 2011–12இல் ரெக்ஸம் 98 புள்ளி எடுத்தும் இரண்டாமிடம், பிளேஆஃபில் தோல்வி, மறுபடி அதே லீக். இறங்குவது சுலபம், ஏறுவது அப்படியல்ல.

தப்பாகிப் போனால் வெளியேற வழி உண்டா? பெயர், நிறம், சின்னம், மைதானம் இவற்றை ரசிகர் சம்மதமில்லாமல் தொட முடியாது என்று எழுத்தில் இருக்கிறதா?

ஆட்டத்தில் ஜெயிப்பது பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லையே என்று தோன்றும். பெரி 2019 மே மாதம் லீக் டூவில் இரண்டாமிடம் பிடித்து மேல் பிரிவுக்குத் தகுதி பெற்றது. அதே ஆகஸ்டில் கிளப் லீக்கில் இல்லை.

## ரசிகர் டிரஸ்ட்டே வாங்குவது

எக்ஸெட்டர் சிட்டி 2003இல் லீக்கிலிருந்து ஐந்தாம் அடுக்குக்கு இறங்கியது. அன்றைய நிர்வாகத்தின் பணக் குளறுபடி போலீஸ் வரை போனது. வாங்க ஆளில்லை. டிரஸ்ட் எடுத்துக்கொண்டது, ஆளுக்கு ஒரு வாக்கு, எவ்வளவு பணம் போட்டாலும்.

2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பைக் குலுக்கலில் மான்செஸ்டர் யுனைட்டெட் வந்து விழுந்தது. ஓல்ட் டிராஃபோர்டில் 67,000 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்தாம் அடுக்கு அணி 0–0 என்று சமன் செய்தது. சொந்த ஊரில் மறு ஆட்டம். ரொனால்டோ ஒன்று, ரூனி ஒன்று, 2–0 தோல்வி. ஆனால் இரண்டு ஆட்டத்தின் டிக்கெட் பங்கும் தொலைக்காட்சிப் பணமும் கடனைப் பெருமளவு தீர்த்துவைத்தன. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அதே அதிர்ஷ்டம் வேறு பல கிளப்களுக்கும் வந்து, அடுத்த மாதமே புது ஸ்ட்ரைக்கர் சம்பளத்தில் கரைந்திருக்கிறது. எக்ஸெட்டரில் யாருக்கும் அப்படிச் செலவழிக்கத் துணிவில்லை, ஏனென்றால் அது சொந்தக் காசு.

அதன் பிறகு அவர்கள் பிழைப்பு அகாடமியில் ஓடுகிறது. மேட் கிரைம்ஸ் 2015இல் ஸ்வான்ஸீக்கு, ஈதன் அம்படு 2017இல் செல்ஸிக்கு, அதே வருடம் ஆலி வாட்கின்ஸ் பிரென்ட்ஃபோர்டுக்கு. வாட்கின்ஸை விற்கும்போது ‘அடுத்த விற்பனையில் எங்களுக்கும் பங்கு’ என்று எழுதிவைத்தார்கள். 2020இல் ஆஸ்டன் வில்லா அவரை 2.8 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது, கொரோனாவால் மைதானங்கள் பூட்டிக்கிடந்த அந்த வருடத்தில், எக்ஸெட்டருக்குப் பணம் வந்தது. மேனேஜர் விஷயத்திலும் அதே நிதானம். பால் டிஸ்டேல் 2006 முதல் 2018 வரை இருந்தார். நடுவில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியும் அவரை வெளியே அனுப்பவில்லை.

இனி வெளியே சொல்லாத செலவுகள். 2014இல் சம்பளம் போட வீரர்கள் சங்கத்திடம் கடன் வாங்கும் நிலை எக்ஸெட்டருக்கும் வந்தது. 2017, 2018, 2020 என்று மூன்று முறை பிளேஆஃப் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். 2022இல்தான் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு மறுபடி ஏறினார்கள். வளர்த்த பையன் இருபது வயதில் நன்றாக ஆட ஆரம்பிக்கும்போது விற்றுவிட வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு டிரஸ்ட் கிளப் சரிப்படாது.

அதைவிடப் பெரிய செலவு ஆர்வம் வற்றிப்போவது. இதற்குக் கென்ட் பகுதியில் உள்ள எப்ஸ்ஃப்ளீட் யுனைட்டெட் நல்ல பாடம். 2008இல் இணையத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கு 35 பவுண்டு போட்டு அந்தக் கிளப்பை வாங்கினார்கள். அந்த மே மாதமே வெம்ப்ளியில், கீழ் அடுக்கு அணிகளுக்கான எஃப்.ஏ. டிராஃபியை ஜெயித்தது. அடுத்த சந்தா தேதி வந்தபோது பெருங்கூட்டம் நழுவிவிட்டது. வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை சரிந்து, 2013இல் கிளப்பை வேறு கைக்கு விட்டார்கள். இணையத்தில் சேர்ந்தவர்களுக்கு அது ஒரு சுவாரசியமான பரிசோதனை. கென்ட்டில் மழையில் நின்று பார்க்கிறவனுக்கு அது ஊர். உங்கள் டிரஸ்ட்டில் எத்தனை உறுப்பினர் என்று கேட்பதைவிட, அவர்களில் எத்தனை பேர் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, கொடுக்கிற கைகள் எப்போதும் அதே கைகள். 2011இல் லீக் கேட்ட வைப்புத் தொகைக்காக ரெக்ஸம் ரசிகர்கள் ஒரே நாளில் லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். கேட்கவே சிலிர்க்கும். ஆனால் அதை எத்தனை தடவை கேட்க முடியும்? ஒரு தடவை கேட்கலாம், இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாம் தடவை உண்டியலோடு வருகிறவரைக் கண்டால் ஆள் அந்தப் பக்கமாகப் போய்விடுவான்.

*யாருக்குச் சரி:* பழைய கடன் அட்மினிஸ்ட்ரேஷனில் தீர்ந்துவிட்டது, மைதானம் கையில் உண்டு அல்லது நீண்ட குத்தகை கிடைக்கிறது, தோற்றாலும் வருகிற நிலையான கூட்டம் இருக்கிறது, நம்பத்தக்க வாங்குநர் இல்லை. இந்த நாலும் பொருந்தினால் தயங்க வேண்டாம்.

## வெளி முதலாளிக்கு விற்பது

ரெக்ஸம் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். நடிகர்கள் ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கல்ஹெனியும் வந்தார்கள், ஆவணத் தொடர் வந்தது, 2023, 2024, 2025 என்று தொடர்ச்சியாக மூன்று ஏற்றம், ஐந்தாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப். முதல் ஏற்றத்துக்கே 111 புள்ளி தேவைப்பட்டது. துரத்திய நாட்ஸ் கவுன்ட்டி 107 எடுத்தும் பிளேஆஃபுக்குப் போக வேண்டியிருந்தது.

தெரியாத பாதி அதற்கு முந்தைய பதினாறு வருடம். 2004இல் அப்போதைய உரிமையாளர் கிளப்பை அதன் ரேஸ்கோர்ஸ் மைதானத்தைக் காலிசெய்யச் சொன்னார். 2008இல் லீக்கிலிருந்து இறங்கியது. 2011இல் மைதானத்தை உள்ளூர்ப் பல்கலைக்கழகம் வாங்கியது, கிளப்பை டிரஸ்ட் வாங்கியது. கடனைத் தீர்த்து, 2016இல் மைதானத்துக்கு 99 வருடக் குத்தகை எழுதி வாங்கினார்கள். பிறகு வந்தவர்கள்தான் அந்த நடிகர்கள். 2020 நவம்பரில் வாக்களித்த உறுப்பினர்களில் 98.6 சதவீதம் பேர் விற்க ஒப்புக்கொண்டார்கள். வாங்குகிறவர்கள் 20 லட்சம் பவுண்டு கிளப்புக்குள் போடுவதாக உறுதி சொன்னார்கள். பணம் விற்கிறவர் பாக்கெட்டுக்குப் போகவில்லை. சூடு கண்டவர்கள், கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

போர்ட்ஸ்மவுத்தும் இதே வழி. 2008இல் எஃப்.ஏ. கோப்பை, 2010இல் திவால் விளிம்பு, 2012இல் மறுபடி. 2013இல் ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு பங்கு போட்டு, வசதியான சில ரசிகர்களையும் சேர்த்துக்கொண்டு வாங்கினார்கள். கடன் தீர்ந்தது, 2017இல் லீக் டூ சாம்பியன். அந்த வருடமே டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்துக்கு விற்க, டிரஸ்ட் பங்குதாரர்களில் சுமார் 80 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். காரணம் பேராசையில்லை. நூறு வருடத்துக்கு மேல் பழசான ஃப்ராட்டன் பார்க்கைப் பழுதுபார்க்க வேண்டிய தொகை அவர்கள் கைக்கு எட்டாதது. பழைய மைதானத்தின் கூரையும் மின்கம்பியும் டிரஸ்ட் கிளப்பின் பெரிய எதிரிகள். பேச்சுவார்த்தைகளில் இதை யாரும் எடுப்பதில்லை.

முதலாளி வழியின் மறைசெலவு, அவர் போடும் பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதில் இருக்கிறது. பங்காகப் போட்டால் அவருடைய ரிஸ்க். கடனாகப் போட்டால் கிளப்பின் ரிஸ்க். ரெக்ஸம் 2022–23 கணக்கில் 51 லட்சம் பவுண்டு நஷ்டம் காட்டியது, உரிமையாளர்களுக்குக் கடனும் பட்டிருந்தது. அடுத்த வருடம் வருமானம் 2.67 கோடி பவுண்டுக்கு ஏறியதால் சமாளித்தார்கள். உலகம் முழுக்க ஓடும் தொடர் உங்கள் கிளப்பைப் பற்றி வராது என்றால், அதே அளவு செலவை எது ஈடுகட்டும் என்று கேட்க வேண்டும். ரெக்ஸமைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தக் கேள்விக்கு வருவதே இல்லை.

இன்னொரு மறைசெலவு முதலாளியின் கனவு. டார்லிங்டனில் 2003இல் ஓர் உரிமையாளர் 25,000 இருக்கை கொண்ட மைதானத்தைக் கட்டினார். நாலாம் அடுக்கு அணி. வருகிற கூட்டம் சில ஆயிரம். அந்த வருட டிசம்பரிலேயே அட்மினிஸ்ட்ரேஷன். அது ஓய்ந்தபாடில்லை, 2012இல் கிளப் புதுப் பெயரில் ஒன்பதாம் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பெரிக்கு வருவோம். 1885இல் பிறந்த கிளப், 1900இலும் 1903இலும் எஃப்.ஏ. கோப்பை, 1894 முதல் லீக்கில் உறுப்பினர். கிக் லேன் மைதானம் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே அடமானத்தில் இருந்தது. கையில் இருக்கிற காசுக்கு மிஞ்சிய சம்பளத்தில் அணியைக் கட்டினார்கள். ஒரு பவுண்டு கொடுத்து வாங்கிய புது உரிமையாளரால் பணம் இருப்பதற்கான சான்றை லீக்குக்குக் காட்ட முடியவில்லை. முன்னாள் இயக்குநர் ஒருவர் மைதானக் குழாயில் தன் கையை விலங்கிட்டுப் பூட்டிக்கொண்டு போராடினார். 2019 ஆகஸ்ட் 27, மாலை ஐந்து மணி கெடு. வாங்க ஒரு நிறுவனம் வருகிறது என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கெடு முடியச் சிறிது நேரம் இருக்கும்போது அந்த நிறுவனம் விலகிவிட்டது. இரவு கிளப் நீக்கப்பட்டது.

*யாருக்குச் சரி:* கிளப் ஓரளவு நிமிர்ந்து நிற்கிறது, அவசரம் இல்லை, வாங்குகிறவர் வங்கிக் கணக்கைக் காட்டத் தயார், மைதானத்தைப் பிரிக்க முடியாத ஏற்பாடு உண்டு. இவையில்லாமல் விற்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

## புதுக் கிளப் தொடங்குவது

2002 மே மாத இறுதியில் விம்பிள்டனின் இடமாற்றத்துக்கு அனுமதி கிடைத்தது. ரசிகர்களே புதுக் கிளப் தொடங்குவது ஃபுட்பாலின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற பொருளில் விசாரணைக் குழு சொல்லியிருந்தது. அந்த வரியை அவர்கள் இன்றுவரை மறக்கவில்லை. இரண்டு நாளில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்தது. ஜூனில் விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆள்தேர்வு: யார் வேண்டுமானாலும் பூட்ஸோடு வரலாம். சுமார் 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டனில் முதல் நட்பு ஆட்டம், 0–4 தோல்வி, பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஒன்பதாம் அடுக்கில் அந்த சீசன் முழுக்க, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த பழைய கிளப்பைவிட இவர்களுக்குக் கூட்டம் அதிகம்.

2011இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று லீக்குக்குள் வந்தார்கள். 2016இல் லீக் ஒன். 2022இல் இறக்கம், 2025 பிளேஆஃப் இறுதியில் வால்சாலை 1–0 என்று வென்று மறுபடி ஏற்றம். 2020 நவம்பரில் ப்ளவ் லேனுக்கே திரும்பினார்கள். கட்டி முடிக்கப் பணம் போதாமல் வெளியாருக்குப் பங்கு விற்கும் பேச்சு எழுந்தபோது, ரசிகர்களிடம் கடன்பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். முதல் ஆட்டம் டான்காஸ்டருடன் 2–2. கொரோனா விதியால் அதைப் பார்க்க ரசிகர் ஒருவருக்கும் அனுமதியில்லை.

தென் லண்டனில் டூட்டிங்கிலும் மெர்டனிலும் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இது பக்கத்துத் தெரு விவகாரம். எஃப்ரா ரோட்டில் உள்ள கணபதி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். பிரீமியர் லீக் டிக்கெட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் குடும்பத்தோடு அங்கே ஆட்டம் பார்க்கலாம் என்பதை இடைச்செருகலாகச் சொல்லிவைக்கிறேன்.

செலவுக் கணக்கு என்ன? லீக்குக்குத் திரும்ப ஒன்பது வருடம், சொந்த ஊர் மைதானத்துக்குப் பதினெட்டு. அதுவும் லண்டனில், கோபத்தில் ஒன்றுபட்ட ஆயிரக்கணக்கானோர் இருந்ததால். அத்துடன் ஒரு நெருடலும் உண்டு. இடையில் அவர்கள் வாங்கி ஆடிய கிங்ஸ்மெடோ மைதானத்தைப் புது மைதானச் செலவுக்காகச் செல்ஸிக்கு விற்றார்கள். அங்கே வாடகைக்கு ஆடிக்கொண்டிருந்த கிங்ஸ்டோனியன் என்ற பழைய சின்னக் கிளப் 2017இல் இடமில்லாமல் வெளியேறியது. பண உதவி கொடுக்கப்பட்டது என்றாலும், இடமிழந்து பிறந்தவர்கள் இன்னொருவரை இடமிழக்க வைத்தார்கள் என்ற பேச்சு நின்றபாடில்லை.

பெரியில் இன்னொரு செலவு தெரிந்தது: ஊர் இரண்டாகப் பிரிவது. ஒரு கூட்டம் பெரி ஏ.எஃப்.சி. என்று புதுக் கிளப் தொடங்கி, 2020 முதல் ராட்கிளிஃப் மைதானத்தில் ஆடியது. இன்னொரு கூட்டம் பழைய பெயரையும் கிக் லேனையும் மீட்பதே வேலை என்று நின்றது. அரசின் சமூக உரிமை நிதி 10 லட்சம் பவுண்டு உட்படப் பணம் சேர்த்து 2022இல் மைதானத்தை வாங்கியது. ஒரு பக்கம் அணி, மறு பக்கம் ஆடுகளம்! இணையலாமா என்று 2022 அக்டோபரில் வாக்கெடுத்தார்கள். ஒரு தரப்பில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கொஞ்சத்தில் தவறியது. 2023 மே மாதம் இரண்டாம் வாக்கெடுப்பில்தான் சேர்ந்தார்கள். ஒரே ஜெர்ஸி போட்டு ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள் நாலு வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்ததை எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டாது.

*யாருக்குச் சரி:* கிளப் உண்மையிலேயே செத்துவிட்டால், அல்லது ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டால். உரிமையாளர் மேல் உள்ள வெறுப்பில், உயிரோடு இருக்கும் கிளப்பை விட்டுவிட்டு ஓடுவதற்கு இது வழியல்ல.

## சின்னப் பங்கு, பெரிய நம்பிக்கை

‘முழுசா விற்க வேண்டாம், ஐந்தில் ஒரு பங்கை டிரஸ்ட் வைத்துக்கொள்ளட்டும்’ என்று நடுவழி சொல்வார்கள். ஸ்வான்ஸீ டிரஸ்ட்டிடம் 21 சதவீதம் இருந்தது. 2016இல் மற்ற பங்குதாரர்கள் அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு விற்றபோது டிரஸ்ட்டைக் கலந்துகொள்ளவில்லை. வழக்குப் பேச்சு 2022இல்தான் சமரசத்தில் முடிந்தது. தடுக்கும் உரிமை எழுத்தில் இல்லாத சின்னப் பங்கு, பொதுக்கூட்டத்தில் முன்வரிசை நாற்காலிக்கு மேல் ஒன்றுமில்லை.

ஒன்றுமே கையில் இல்லாதவர்கள் புறக்கணிப்பில் இறங்குவார்கள். பிளாக்பூல் ரசிகர்கள் வருடக்கணக்கில் மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ரிசீவரை, அதாவது கிளப்பைப் பொறுப்பேற்று நடத்தும் அதிகாரியை, நியமித்ததும், மார்ச் 9 அன்று 15,000க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் திரும்பி வந்தார்கள். உரிமையாளரைச் சாய்த்தது கூட்டாளி போட்ட வழக்கு. ஆனால் காலியான மைதானத்தால் அவருடைய வருமானம் வற்றியதும் பொய்யல்ல.

## ஒரே பார்வையில்

| | ரசிகர் டிரஸ்ட் | வெளி முதலாளி | புதுக் கிளப் |
|---|---|---|---|
| மைதானம் | இருப்பதைக் காக்கும். பழுதுபார்ப்பு தாங்காது | புதுசாகக் கட்டலாம், அடமானமும் வைக்கலாம் | முதலில் இல்லை. ஒண்டுக் குடித்தனம் |
| கடன் | வாங்கப் பயப்படும் | பங்கா கடனா என்பதே விஷயம் | பூஜ்யத்தில் தொடக்கம் |
| வருடாந்தரத் துண்டு | வீரர்களை விற்று நிரப்ப வேண்டும் | அவர் நிரப்புவார், அலுக்கும்வரை | சின்னது. ஏறஏறப் பெருகும் |
| ஏணி | இருக்கும் இடம். மெதுவான ஏற்றம் | வேகமாக ஏறலாம், வேகமாக விழலாம் | ஒன்பதாம் அடுக்கு |
| வெளியேற வழி | வாக்கெடுத்து விற்கலாம் | அவர் மனசு வைத்தால் | முழுதும் உங்கள் கையில் |
| சொல்லாத செலவு | ஆர்வம் வற்றுதல் | கனவின் பில் ஊருக்கு வருதல் | ஊர் இரண்டாதல் |
| முன்மாதிரி | எக்ஸெட்டர் | ரெக்ஸம் | ஏ.எஃப்.சி. விம்பிள்டன் |
| எச்சரிக்கை | எப்ஸ்ஃப்ளீட் | பெரி, டார்லிங்டன் | பெரியின் பிளவு |

## என் வாக்கு

டிரஸ்ட்டா முதலாளியா என்று எதிரெதிராக நிறுத்துவதே தப்பு என்பது என் கட்சி. எது முதலில், எது பிறகு என்பதில்தான் விஷயம். ரெக்ஸமும் போர்ட்ஸ்மவுத்தும் முதலாளியிடம் போய் நன்றாக இருப்பதற்குக் காரணம், அவற்றை விற்றது கடனை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ரசிகர்கள். வாங்க வந்தவரிடம் கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் தெம்பும் இருந்தது. பெரியை விற்றவருக்கு இரண்டும் இல்லை. அதனால் கிளப் மூழ்கிக்கொண்டிருக்கும்போது யாருக்கோ ஒரு பவுண்டுக்குக் கொடுப்பதற்குப் பதில், எப்படியாவது டிரஸ்ட் எடுத்து, இரண்டு பிரிவு இறங்கினாலும் பரவாயில்லை என்று கணக்கைச் சரிசெய்யட்டும். வாங்க ஆள் அப்புறம் வருவார். வராவிட்டால் எக்ஸெட்டர் மாதிரி வாழ்ந்துவிட்டுப் போகலாம். அதுவும் மோசமான வாழ்க்கையில்லை.

இங்கிலாந்தில் 2025இல் வந்த ஃபுட்பால் நிர்வாகச் சட்டம் முதல் ஐந்து அடுக்குக்குத் தனி ஒழுங்காணையம் வைத்திருக்கிறது. உரிமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று அது பார்க்கும். மைதானத்தை விற்க அதன் ஒப்புதல் வேண்டும். சின்னத்தையும் ஜெர்ஸி நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் சம்மதம் வேண்டும். நல்ல காவல்தான். ஆனால் ஐந்தாம் அடுக்குக்குக் கீழே இருக்கிறவர்கள் அதை நம்பி உட்கார முடியாது, மேலே இருக்கிறவர்களுக்கும் நஷ்டத்தை அது நிரப்பித் தராது.

வாக்குச்சீட்டு வந்துவிட்டவர்கள் டிரஸ்ட் குழுவிடம் நாலு பதிலை எழுத்தில் கேளுங்கள். மைதானப் பத்திரம் விற்பனைக்குப் பிறகு யார் பெயரில் இருக்கும்? வாங்குகிறவர் போடும் பணம் பங்கா, கடனா, கடனென்றால் எதை ஈடு வைத்து? முதல் இரண்டு வருடத் துண்டை மூட எவ்வளவு தொகை, அது ஏற்கெனவே எந்த வங்கியில் இருக்கிறது? அவர் விலக நினைத்தால் முதலில் டிரஸ்ட்டிடம் கேட்க வேண்டும் என்ற ஷரத்து உண்டா? ‘பேச்சுவார்த்தை ரகசியம், சொல்ல முடியாது’ என்று இரண்டுக்கு மேற்பட்ட கேள்விக்குப் பதில் வந்தால், கெடு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ‘வேண்டாம்’ என்று போடுங்கள்.